"எங்க மிஸ் வந்ததும் நீங்க போயிடுவீங்கல்ல?"

கேள்வி: அம்மா, எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் கழகம் மூலம் தற்காலிகக் கணக்கு ஆசிரியையாகச் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. நிரந்தர ஆசிரியை பிரசவ விடுப்பில் இருக்கிறார். எட்டாம் வகுப்பில் 38 பிள்ளைகள். சாப்பாட்டுக்குப் பிந்தைய பீரியடில் ஒரே இரைச்சல். கடைசி பெஞ்ச் பையன் ஒருவன், "எங்க மிஸ் வந்ததும் நீங்க போயிடுவீங்கல்ல?" என்று எல்லோர் முன்னாலும் கேட்கிறான். பக்கத்து வகுப்பு சார் பிரம்போடு வந்து நின்றால்தான் அடங்குகிறார்கள். கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. என்ன செய்வது?
- ஒரு வாசகி, அரியலூர் மாவட்டம்

பதில்: டீச்சர், முதலில் அந்தப் பையனுக்குப் பதில் சொல்லிவிடுங்கள். "ஆமாம்ப்பா, உங்க மிஸ் வர்ற வரைக்கும்தான் இருப்பேன். அதுவரை உங்க கணக்கு என் பொறுப்பு." அவன் கேட்டது திமிரில் என்று எனக்குத் தோன்றவில்லை. பழகிய மிஸ் திடீரென்று வராமல் போன வருத்தம் அவனுக்கு இருக்கும். தமிழக அரசு ஊழியருக்கு 2021 முதல் பிரசவ விடுப்பு 12 மாதம். கிட்டத்தட்ட ஒரு படிப்பாண்டே உங்கள் கையில் இருக்கிறது. வழிப்போக்கராக உங்களை நினைத்துக்கொள்ளாதீர்கள்.

பிரம்பு வேண்டவே வேண்டாம். கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் 17-ஆம் பிரிவு அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் தடை செய்கிறது. அந்த சாரிடம் ஸ்டாஃப் ரூமில் தனியாக, "நானே பார்த்துக்கிறேன் சார்" என்று சொல்லிவிடுங்கள். அவர் வந்து அடக்கும் ஒவ்வொரு தடவையும் உங்கள் சொல்லுக்கு மதிப்புக் குறைகிறது.

வெளியே அனுப்புவதும் வேண்டாம். 1988-இல் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஆறு மாதம் விடுப்புக்கு மாற்றாகப் போனேன். ஓயாமல் பேசிய பையன் ஒருவனை வராந்தாவில் நிற்க வைத்தேன். ரவுண்ட்ஸ் வந்த தலைமையாசிரியர் அவனை அடித்த சத்தம் உள்ளே கேட்டது. நான்கு நாள் அவன் வரவில்லை. வீட்டுக்குத் தேடிப் போனபோதுதான் தெரிந்தது, விடியற்காலை நான்கு மணிக்கே எழுந்து வீடு வீடாகப் பால் ஊற்றிவிட்டுப் பள்ளிக்கு வருகிறவன் அவன். தூக்கத்தை விரட்டத்தான் பேசிக்கொண்டே இருந்திருக்கிறான். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

மதியத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். கையில் வேலை கொடுங்கள். (a + b)² = a² + 2ab + b² என்ற முற்றொருமை நடத்தும் நாளில் ஆளுக்கு ஒரு கட்டம் போட்ட தாள். பத்துக்குப் பத்து கட்டம் வெட்டச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் ஏழு, மூன்று என்று மடித்து நான்காகக் கிழிக்கட்டும். 7-இன் வர்க்கமும் 3-இன் வர்க்கமும் சேர்ந்தால் 58தானே, மீதி 42 எங்கே என்று கேளுங்கள். ஆளுக்கு இரண்டு 21 கட்டத் துண்டுகளைத் தூக்கிக் காட்டுவார்கள். அப்போதும் சத்தம் வரும். அந்தச் சத்தம் இருக்கட்டும்.

வகுப்புக்குள் நுழைந்ததும் ஒரு கணக்கைப் பலகையில் எழுதிவிட்டு, பெஞ்சுகளுக்கு நடுவே நடங்கள். குரலைத் தாழ்த்துங்கள். பேசியவர்கள் பெயரை லீடரை விட்டு எழுத வைக்காதீர்கள். வேண்டியவன் பெயர் அதில் வராது என்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். வருகைப் பதிவேட்டைப் பார்த்து இந்த வாரத்துக்குள் 38 பெயரையும் மனப்பாடம் செய்துவிடுங்கள். "ஏய், நீலப் பை!" என்று கூப்பிட்டால் எந்தப் பிள்ளைக்கும் மரியாதை வராது.

இன்னொன்று. அந்த ஆசிரியைக்குச் சௌகரியமான நேரத்தில் போன் செய்யுங்கள். யாரை எங்கே உட்கார வைப்பார், வீட்டுப்பாடம் எப்படித் திருத்துவார், யாருக்கு வீட்டில் என்ன கஷ்டம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவர் பழக்கிய பழக்கத்தை மாற்றாதீர்கள், அதையே தொடருங்கள். மறுநாள் வகுப்பில், "உங்க மிஸ்கிட்ட பேசினேன், எல்லாரையும் விசாரிச்சாங்க" என்று சொல்லிப் பாருங்கள். என்ன குழந்தை, பெண்ணா பையனா என்று அந்தக் கடைசி பெஞ்ச்தான் முதலில் கேட்கும்.