ஐயாவின் அம்பாசடர்: முதல் செலவு பெயின்ட்டுக்கு அல்ல

கேள்வி: கானாடுகாத்தானில் எங்கள் பூர்வீக வீட்டு ஷெட்டில் ஐயா (அப்பாவின் அப்பா) ஓட்டிய 1968 அம்பாசடர் மார்க் 2 நிற்கிறது. பதினெட்டு வருடமாக யாரும் எடுக்கவில்லை. கையில் ஒன்றரை லட்சம் இருக்கிறது. முதலில் பெயின்ட் அடித்துவிட்டு, டீசல் இன்ஜின், பெரிய அலாய் வீல், ஏசி எல்லாம் போட்டு ஓட்டலாம் என்று நினைக்கிறேன். வரிசை சரிதானா?

பதில்: வரிசையைத் தலைகீழாக மாற்றுங்கள். டீசல் இன்ஜின் வேண்டவே வேண்டாம்.

காரணம் ரசனை மட்டுமல்ல, சட்டமும்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொன்னது. அதோடு, 2021இல் வந்த விதிப்படி 50 வயது தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதியலாம். சேஸிஸ், பாடி, இன்ஜின் மாறாமல் மூல வடிவில் இருக்க வேண்டும். உங்கள் வண்டிக்கு அந்த வயது வந்துவிட்டது. இப்போது டீசல் இன்ஜினை இறக்கினால் அந்தக் கதவை நீங்களே சாத்திவிடுவீர்கள்.

ஒன்றை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள். விண்டேஜ் பதிவுள்ள வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, பழைய கார் ஊர்வலம், பெட்ரோல் போடுதல், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே எடுக்கலாம். வாரந்தோறும் பிள்ளையார்பட்டி போய்வர வேண்டுமென்றால் சாதாரண ஆர்சியைப் புதுப்பிப்பதே வழி. ஆர்சி இன்னும் ஐயா பெயரில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் வாரிசுச் சான்றிதழோடு படிவம் 31 கொடுத்து முதலில் பெயரை மாற்றுங்கள். தாமதக் கட்டணம் எவ்வளவு என்பதையும் கேட்டுக்கொண்டு அதன் பிறகு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

இனி வண்டிக்கு வருவோம். அம்பாசடருக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது, பாடியேதான் எலும்புக்கூடு. அதனால் கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதியில் துரு பிடித்தால் அது அழகுப் பிரச்சினை இல்லை, வண்டியின் முதுகெலும்புப் பிரச்சினை. ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி அந்தப் பகுதி முழுக்க நகர்த்துங்கள். ஒட்டாத இடத்தில் இருப்பது தகடு அல்ல, பட்டி (பள்ளத்தை நிரப்பப் பூசும் புட்டி). பிறகு ஒரு பக்கத்தை ஜாக்கியில் தூக்கி அந்தப் பக்கக் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். கதவு உரசினாலோ இடைவெளி மாறினாலோ சில் போய்விட்டது என்று அர்த்தம். அப்படியென்றால் பணத்தில் பெரும் பங்கு டிங்கரிங்குக்குத்தான். துருவை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும், மேலே பட்டி பூசக் கூடாது. முட்டைச் சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூசினால் என்ன ஆகுமென்று உங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. உள்ளே ஈரம் தங்கி எல்லாமே உதிரும். பட்டிக்குள் மறைந்த துருவும் அப்படித்தான்.

கழற்றி எடுக்க முடிகிற சிறு இரும்புப் பாகங்களின் துருவை வீட்டிலேயே எடுக்கலாம். துருவும் மின்வேதியியல்தான். அதை ஆராய்வதற்கென்றே 1948இல் அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து காரைக்குடியில் வந்தது சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்). அந்த அறிவியலைத்தான் ஒரு பிளாஸ்டிக் வாளியில் செய்யப் போகிறீர்கள். பத்து லிட்டர் தண்ணீரில் ஐந்தாறு கரண்டி சலவைச் சோடாவைக் கரையுங்கள். துருப்பிடித்த பாகத்தை பேட்டரி சார்ஜரின் நெகட்டிவிலும், ஒரு பழைய இரும்புத் துண்டை பாசிட்டிவிலும் மாட்டி, இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் தொங்கவிடுங்கள். பாகத்தின் மேல் நுரை கிளம்பும். சில மணி நேரத்தில் துரு கறுத்து, பிரஷ்ஷால் தேய்த்தாலே வந்துவிடும். நுரையில் ஹைட்ரஜன் வாயு இருப்பதால் திறந்த வெளியில் மட்டும் செய்யுங்கள், பக்கத்தில் தீ கூடாது. பாசிட்டிவ் பக்கம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வைக்கவே கூடாது, தண்ணீர் நஞ்சாகிவிடும். ஸ்பிரிங், அலுமினியம், குரோம் பூசிய பாகங்கள் எதையும் இதில் போடாதீர்கள்.

இன்ஜினை எடுத்த எடுப்பில் செல்ஃப் அடிக்காதீர்கள். நாலு பிளக்கையும் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயிலும் மண்ணெண்ணெயும் கலந்து விட்டு, மூன்று நாள் ஊறட்டும். பிளக் இல்லாமலே முன்பக்க ஹேண்டிலைப் போட்டு மெதுவாகச் சுற்றுங்கள். சுற்றினால் பாதி கவலை தீர்ந்தது. பழைய ஆயிலை வடித்து 20டபிள்யூ-50 ஊற்றுங்கள். 1489 சிசி பி-சீரிஸ் இன்ஜின் அது. எளிமையானது, பொறுமையானது. கம்ப்ரஷன் பார்க்காமல் யாராவது 'போர் பண்ணணும்' (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கணும்) என்றால் நம்பாதீர்கள். வயரிங்கை எலி கடித்திருக்கும். பேட்டரியை நேராக இணைக்காமல் நடுவில் ஒரு 21 வாட் பல்பைத் தொடராக மாட்டிப் பாருங்கள். எல்லா ஸ்விட்சும் அணைந்திருக்கும்போது பல்பு பளிச்சென்று எரிந்தால் எங்கோ ஷார்ட்.

பெட்ரோல் டேங்கைக் கழற்றிக் கழுவுங்கள். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், அது பழைய ரப்பரைத் தின்றுவிடும். எத்தனால் தாங்கும் ஹோஸ், பம்புக்குப் புது டயாஃப்ரம் இரண்டும் அவசியம். மாதக்கணக்கில் நிறுத்தும்போது டேங்கை வடித்துவிடுங்கள்.

பிரேக்கில் மட்டும் சிக்கனமே கூடாது. பல வருடங்களுக்கு முன் இதே போல நெடுநாள் நின்ற ஓர் அம்பாசடரை நான் ஓட்டிப் பார்த்தேன். இன்ஜின் தேன் மாதிரி ஓடியது. தேவகோட்டை ரஸ்தா பக்கம் பெடலை மிதித்தேன், தரை வரைக்கும் போய்விட்டது. பின்சக்கர வீல் சிலிண்டரின் ரப்பர் கிழிந்திருந்தது. அந்தக் காலத்து அமைப்பில் ஒரே சர்க்யூட் என்பதால் ஓரிடத்தில் ஒழுகினால் நாலு சக்கரத்திலும் பிரேக் இல்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்து நின்றேன். அன்றிலிருந்து மாஸ்டர் சிலிண்டர், நாலு வீலிலும் சிலிண்டர்கள், எல்லா ஹோஸ்களும் புதிதாக மாற்றாமல் எந்த வண்டியையும் ஷெட்டை விட்டு எடுப்பதில்லை. டயரில் கோடு ஆழமாக இருந்தாலும் பதினெட்டு வருட டயர் டயரே அல்ல, ஐந்தையும் மாற்றுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு பணம் மிஞ்சினால்தான் உங்கள் ஆசைகள். திரும்பக் கழற்றினால் பழையபடி ஆகிவிடும் மாற்றம் எதுவோ அதைத் தாராளமாகச் செய்யுங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் எலக்ட்ரானிக் இக்னிஷன், டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர், ரிலே வைத்த ஹாலஜன் ஹெட்லைட். கழற்றிய பாகங்களைத் துணியில் சுற்றி டப்பாவில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள். பெரிய அலாய் வீல் வேண்டாம், பழைய 15 அங்குல வீலே போதும். ஏசிக்கு இந்தப் பட்ஜெட்டில் இடமில்லை.

கைப்பிடி, கண்ணாடி மாதிரி சின்னச் சாமான்களுக்குக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழைய பொருள் கடைகளில் ஒரு நடை தேடிப் பாருங்கள். கிடைத்தால் அதிர்ஷ்டம்.

பெயின்ட் கடைசி. முழுக்கச் சுரண்டாதீர்கள். நல்ல இடங்களை பாலிஷ் போட்டாலே பழைய நிறம் எழும்பிவிடும். எந்த நிறம் என்று குழம்ப வேண்டாம், டிக்கி மேட்டைத் தூக்கி ஸ்டெப்னி வீலுக்கு அடியில் பாருங்கள். வெயில் படாத அந்த மூலையில் 1968இல் அடித்த நிறம் அப்படியே இருக்கும். பெயின்ட் கடைக்காரரை அங்கே அழைத்துக் காட்டிக் கலக்கச் சொல்லுங்கள்.