பாறை வெட்டும் கட்டரின் திறனை எப்படிச் சோதிக்கிறார்கள்? பாறையின் வலிமை தெரிந்தால் போதாதா?

போதாது. அழுத்த வலிமை ஒன்றாகவே இருக்கும் இரண்டு பாறைகளில் ஒன்று சில்லுசில்லாகப் பெயரும், இன்னொன்று நசுங்கி மாவாகும். வெட்டிப் பார்த்தால்தான் அது தெரியும்.

பாறை வெட்டும் ஆய்வகத்தில் வேலை பார்த்தவன் என்ற முறையில், நான் அதிகம் நம்புவது நேர்கோட்டு வெட்டுச் சோதனையை. அமெரிக்காவின் கொலராடோ சுரங்கக் கல்லூரி இதில் பேர்பெற்றது. சுமார் ஒரு மீட்டர் நீளப் பாறைக் கட்டியை இரும்புப் பெட்டியில் வைத்து, சுற்றிலும் கான்கிரீட் ஊற்றி இறுக்குவார்கள். சுரங்கம் குடையும் இயந்திரமான டிபிஎம்மில் மாட்டும் அதே 17 அங்குல டிஸ்க் கட்டரை, அதாவது பாறை மீது உருண்டு வெட்டும் எஃகுத் தட்டை, மேலே பொருத்தி, அடியில் பாறையை நகர்த்துவார்கள். கட்டர் மீது விழும் விசையை லோடு செல் மூன்று திசைகளில் பதிவு செய்யும். அறுத்தெடுத்த பாறையின் முகம் வழவழப்பாக இருக்கும், சுரங்கத்தில் அப்படி இருக்காது. அதனால் முதல் சில ஓட்டங்களை முகத்தைக் கரடாக்க மட்டும் பயன்படுத்திவிட்டு, அப்புறம் வரும் அளவுகளையே எடுக்க வேண்டும். அவசரத்தில் இதை விட்டுவிட்டால் அந்த எண்களை நம்ப முடியாது.

கணக்கின் மையம், ஒரு கன மீட்டர் பாறையைப் பெயர்க்க ஆகும் ஆற்றல். கட்டரை அழுத்தும் விசை, உருட்டும் விசையைப் போலப் பல மடங்கு இருக்கும். ஆனாலும் கட்டர் நகர்வது உருளும் திசையில்தான் என்பதால், ஆற்றல் ஏறக்குறைய முழுவதும் அங்கேதான் செலவாகிறது. உதாரணமாக உருட்டு விசை 20 கிலோநியூட்டன், கட்டர் வெட்டிச் செல்லும் பக்கத்துப் பக்கத்துத் தடங்களின் இடைவெளி 80 மி.மீ., வெட்டும் ஆழம் 5 மி.மீ. என்றால், கன மீட்டருக்கு 50 மெகாஜூல், அதாவது 14 யூனிட் மின்சாரத்துக்குச் சற்றுக் குறைவு.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது இடைவெளிதான். பக்கத்துப் பக்கத்துத் தடங்களிலிருந்து கிளம்பும் விரிசல்கள் நடுவில் சந்தித்தால் பெரிய சில்லு பெயரும். தடங்கள் நெருங்கினால் பாறை பொடியாகி ஆற்றல் வீணாகும். அதிகம் விலகினால் நடுவில் மேடு நின்றுவிடும். கடினப் பாறையில் பொதுவாக ஆழத்தைப் போல 10 முதல் 20 மடங்கு இடைவெளி சரியாக வரும்.

தேய்மானத்துக்குத் தனிச் சோதனை உண்டு. பிரான்சில் உருவான செர்ச்சார் முறையில், கூர்மையான எஃகு ஊசியை 70 நியூட்டன் எடையில் பாறை மீது 10 மி.மீ. இழுத்து, மழுங்கிய முனையின் அகலத்தை அளப்பார்கள். குவார்ட்ஸ் மிகுந்த பாறையில் ஊசி நன்றாகவே மழுங்கும். ஆற்றல் குறைவாகக் காட்டும் கட்டர்கூட அங்கே சீக்கிரம் தேய்ந்து, மாற்றும் வேலையிலேயே நேரம் போகும்.

ஆய்வகத்தில் கிடைப்பது ஒரே சீரான கட்டி. பாதி களிமண், பாதி கருங்கல்லாக வரும் இடத்தில், இயந்திரத் தலையின் ஒவ்வொரு சுற்றிலும் கட்டர் கல்லின் விளிம்பில் போய் மோதும். அந்த அதிர்ச்சியை இந்தச் சோதனை காட்டாது. சோதனை அறிக்கை கையில் வந்தால், அளந்தது எந்த இடைவெளியில், பெயர்ந்த துகள்களைச் சலித்ததில் பொடி எவ்வளவு என்ற இரண்டையும் முதலில் பாருங்கள். இவை இல்லாத அறிக்கையை வைத்து நான் கட்டர் வாங்கச் சொல்ல மாட்டேன்.