பருத்தியில் விரல் விரலாக இலை, தண்டில் புடைப்பு: விதைக் குறையா?

கேள்வி: வீரிய ஒட்டுப் பருத்தி, 45 நாள் பயிர். மேற்கு வரப்பை ஒட்டிய சால்களில் மட்டும் கொழுந்து இலை வெண்டை இலை போலக் குறுகி விரல் விரலாக வருகிறது. தண்டு புடைத்து வெடிக்கிறது, சப்பை (பூமொட்டு) கொட்டுகிறது. பக்கத்து மக்காச்சோளத்துக்கு இரண்டு வாரம் முன் களைக்கொல்லி அடித்தார்கள். ஒட்டு விதையின் ஹார்மோன் கோளாறு என்கிறார்கள். சப்பை உதிர்வுக்கு அடிக்கும் பிளானோஃபிக்ஸ் மருந்தை அடிக்கலாமா?

பதில்: அடிக்காதீர்கள். விதையின் மேலும் பழி போட வேண்டாம். இனக்கலப்புச் செடியில் ஹார்மோன் மிகுந்து கட்டி வருவது உண்மையில் உண்டு. நிக்கோட்டியானா கிளாக்கா, லாங்ஸ்டார்ஃபி என்ற இரு புகையிலை இனங்களை இனக்கலப்பு செய்தால், நோய்க்கிருமி எதுவும் இல்லாமலே தண்டில் கட்டி கிளம்பும். ஆக்சின், சைட்டோகைனின் என்ற செடியின் வளர்ச்சி ஹார்மோன்கள் அளவு மீறுவதால் வருவது அது. ஆனால் விதைக் கோளாறு வரப்போரம் பார்த்து வராது, வயல் முழுக்கச் சிதறித் தெரியும்.

உங்கள் வயலில் தெரிவது 2,4-டி என்ற களைக்கொல்லியின் பாதிப்பு. அது செயற்கை ஆக்சின். சொந்த ஆக்சினைச் சிதைப்பது போல அதைச் செடியால் சீக்கிரம் சிதைக்க முடியாது. மக்காச்சோளம் ஓரளவு செயலிழக்க வைத்துவிடும், பருத்திக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. தண்டுத் திசு நிறுத்தாமல் பெருகுவதால் புடைத்து வெடிக்கிறது. இலையில் நரம்பு நீள்கிறது, இடைப்பரப்பு விரிவதில்லை. தெளித்தபோதே முழுதாக விரிந்திருந்த இலைகள் நன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள்; இருந்தால் சந்தேகமே வேண்டாம். தத்துப்பூச்சி என்றால் இலை ஓரம் கீழ்நோக்கிக் கவிழ்ந்து மஞ்சளாகும், இப்படி விரலாகப் பிரியாது.

பிளானோஃபிக்ஸும் (என்.ஏ.ஏ.) ஆக்சின்தான். சப்பை உதிர்வுக்கு 40 பிபிஎம் அடிப்பது நலமான பயிருக்கு. இங்கே பாரத்தின் மேல் பாரம்.

இதற்கு மாற்று மருந்து கிடையாது. வாடவிடாமல் அளவாக நீர் கட்டுங்கள். 10 லிட்டருக்கு 200 கிராம் யூரியா கலந்து மாலையில் ஒருமுறை தெளித்தால் புதுத் துளிர் ஊக்கம் பெறும். செடியைப் பிடுங்க அவசரப்படாதீர்கள். மூன்று வாரத்தில் இயல்பான இலை வந்தால் பக்கக் கிளையில் மீண்டும் சப்பை பிடிக்கும், அறுவடைதான் தள்ளிப்போகும். நுனி காய்ந்து அடித்தண்டு முழுக்க வெடித்தவற்றை மட்டும் எடுத்துவிடலாம்.

பக்கத்து வயலில் அடித்தது 2,4-டி-யின் எஸ்டர் வகையா என்று கேளுங்கள். வெயில் நேரத்தில் அது ஆவியாகிப் பரவும். காற்று அடங்கியிருந்தாலும் தப்பிக்க முடியாது. சோடியம், அமைன் உப்புகளில் இந்த ஆபத்து குறைவு, தெளிப்புச் சாரல் காற்றில் வந்து பட்டால் அவையும் கெடுக்கும்.

அந்தத் தெளிப்பானை இரவல் வாங்கிப் பருத்திக்குப் பூச்சிமருந்து அடித்துவிடாதீர்கள். வேறு வழியில்லை என்றால் மூன்று முறை அலசி, 10 லிட்டர் நீரில் 100 மில்லி வீட்டு உபயோக அம்மோனியா கலந்து, குழாய், நாசில் வரை நிரப்பி ஓர் இரவு ஊறவிட்டு, மறுபடி அலசுங்கள். எஸ்டர் என்றால் முதலில் சோப்புத்தூள் கரைசலால் எண்ணெய்ப் பசையை நீக்க வேண்டும். வாஷரிலும் ரப்பர் குழாயிலும் ஒட்டியிருக்கும் மிச்சமே பருத்தியைக் கெடுக்கப் போதும் என்பதால், களைக்கொல்லிக்குத் தனித் தெளிப்பான் வைத்துக்கொள்வதே மேல்.