காற்று நிற்காத ஷாக் அப்சார்பர்

கேள்வி: என் ஃபோர் வீல் டிரைவ் ஜீப்பின் பின்பக்க ஏர் ஷாக் அப்சார்பர்களில் இரவில் ஏற்றும் காற்று காலைக்குள் பாதியாகிவிடுகிறது. ஷாக்கையே மாற்ற வேண்டுமா?

பதில்: அவசரப்படாதீர்கள். கசிவு பெரும்பாலும் ஷாக்கில் அல்ல, அதற்குக் காற்றைக் கொண்டுசெல்லும் நைலான் குழாயின் இணைப்புகளில்தான் இருக்கும். காற்றை ஏற்றியபின் ஒவ்வொரு இணைப்பிலும் வால்விலும் சோப்புத் தண்ணீரைப் பிரஷால் தடவுங்கள். மெல்லிய கசிவு கடுகளவுக் குமிழிகளாக எழச் சற்று நேரம் பிடிக்கும் என்பதால் பொறுமை தேவை. குழாயின் நுனி கோணலாக இருந்தால் இணைப்பினுள் இருக்கும் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) அதைச் சரியாகப் பற்றாது. காற்றை முழுதும் வெளியேற்றி, கூரிய பிளேடால் நேராக வெட்டி, இறுதிவரை அழுத்திச் செருகுங்கள் (கத்தரிக்கோல் குழாயை நசுக்கிவிடும்). ஷாக்கின் ரப்பர் உறையிலேயே குமிழி வந்தால் ஒட்டுப்போடுவது வீண். பின்பக்க ஷாக்குகள் இரண்டையும் ஜோடியாக மாற்றிவிடுங்கள்.