சோப்புக்கு ஹேண்ட் பிளெண்டர்: வாட்ஸை விடுங்கள், அடிப்பக்கத்தைப் பாருங்கள்

கேள்வி: வீட்டில் சோப்பு செய்யப் பழகி வருகிறேன். இதுவரை கரண்டியால்தான் கலக்குகிறேன், கை வலிக்கிறதே தவிர கலவை சீக்கிரம் கெட்டியாவதில்லை. ஹேண்ட் பிளெண்டர் வாங்கலாம் என்று பார்த்தால் வாட்ஸ், டர்போ, ஏகப்பட்ட வேகம் என்று குழப்பமாக இருக்கிறது. எதை வாங்குவது? இல்லை, மிக்ஸியே போதுமா?

பதில்: மிக்ஸி வேண்டாம், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூடி போட்டு அவ்வளவு வேகத்தில் சுற்றினால் கலவை சூடாகும், மூடியைத் திறக்கிற நேரத்தில் முகத்தில் தெறிப்பது தோலை அரிக்கும் காஸ்டிக் சோடா கலந்த எண்ணெய். கலவை எந்தப் பதத்தில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே நிறுத்தவும் முடியாது.

ஹேண்ட் பிளெண்டர் வாங்குவது நல்ல யோசனை. ஆனால் எல்லோரும் வாட்ஸைத்தான் முதலில் பார்க்கிறார்கள், சோப்புக்கு அதைக் கடைசியாகப் பார்த்தால் போதும். எண்ணெயும் காஸ்டிக் சோடாக் கரைசலும் சும்மா விட்டால் பிரிந்து நிற்கும். பிளேடு சுற்றும்போது அவை பொடிப்பொடித் துளிகளாக உடைந்து, ஒன்றையொன்று தொடும் பரப்பு பல மடங்கு கூடுகிறது, இரண்டும் சேர்ந்து சோப்பாக மாறும் வினையும் வேகம் பிடிக்கிறது. கையால் ஒரு மணி நேரம்கூட இழுக்கிற வேலை சில நிமிடங்களில் முடிவது இதனால்தான். கலப்பது திரவம் என்பதால் 200 முதல் 400 வாட்ஸ் தாராளம்.

முக்கியமான விஷயம் அடிப்பக்கம். தண்டு, பிளேடு, பிளேடைச் சுற்றிக் குடை மாதிரி கவிழ்ந்திருக்கும் பகுதி, மூன்றுமே எவர்சில்வராக இருக்க வேண்டும். அலுமினியத்தைக் காஸ்டிக் சோடா அரித்துவிடும், அப்போது ஹைட்ரஜன் வாயுவும் வெளிவரும், அது எளிதில் தீப்பிடிக்கக்கூடியது. பெட்டியில் எவர்சில்வர் தண்டு என்று போட்டிருந்தாலும் நம்பி விடாதீர்கள், சிலவற்றில் தண்டு மட்டும்தான் அது, கீழே இருக்கும் குடை வேறு உலோகமாக இருக்கும். கவிழ்த்துப் பாருங்கள். ஒரு காந்தத்தை வைத்துப் பார்க்கலாம்: ஒட்டினால் அது அலுமினியம் இல்லை. ஒட்டவில்லை என்றால் மட்டும் எதுவும் முடிவு செய்ய முடியாது, ஏனென்றால் நல்ல எவர்சில்வரிலேயே காந்தம் பிடிக்காத வகை உண்டு. அப்போது தயாரிப்பாளரின் விவரக் குறிப்பில் தேடுங்கள், தெளிவாகச் சொல்லாத பிளெண்டரை விட்டுவிடுங்கள்.

அடுத்தது அந்தக் குடையின் வடிவம். பக்கவாட்டில் நல்ல அகலமான திறப்புகள் இருந்தால் காற்று வெளியேற வழி இருக்கும். ஆழமாகவும் திறப்பு இல்லாமலும் இருந்தால் உள்ளே காற்று மாட்டிக்கொண்டு, பொத்தானை அழுத்தியதும் கலவை முழுக்க நுரையாகும், சோப்பை வெட்டினால் ஊசி குத்தியது போலப் பொத்தல்கள். எந்த பிளெண்டராக இருந்தாலும் சாய்த்து உள்ளே விட்டு, பாத்திரத்தின் அடியில் மெதுவாக ஒரு தட்டு தட்டுங்கள், இரண்டு மூன்று காற்றுக் குமிழ்கள் மேலே வந்து உடையும். அதற்குப் பிறகுதான் சுவிட்ச். குடைப்பகுதி முழுவதும் கலவைக்குள் மூழ்கியிருக்க வேண்டும், அதனால் குறைந்த அளவில் செய்பவர்களுக்கு அகலப் பாத்திரம் ஒத்துவராது, குறுகி உயர்ந்ததுதான் சரி.

தண்டு தனியாகக் கழன்று வருவதாக வாங்குங்கள். அழுத்தியிருக்கும்வரை மட்டும் ஓடுகிற சுவிட்ச் நல்லது, கை வழுக்கினாலும் நின்றுவிடும். வேகம் எத்தனை இருந்தால் என்ன, மிகக் குறைந்த வேகம் உண்மையிலேயே மெதுவாக இருக்கிறதா என்று பாருங்கள், நீங்கள் பயன்படுத்தப்போவது அதைத்தான்.

கேள்வி: என்னிடம் ஹேண்ட் பிளெண்டர் இருக்கிறது. ஒரு நிமிடம் ஓட்டினாலே சுடுகிறது, கலவையும் சட்டென்று இறுகி அச்சில் ஊற்ற முடியாமல் போகிறது. பிளெண்டரில் கோளாறா?

பதில்: பிளெண்டரில் கோளாறு இருக்காது, ஓட்டுகிற முறைதான். இந்த மோட்டார்கள் தொடர்ந்து ஓட வடிவமைக்கப்பட்டவை அல்ல, எவ்வளவு நேரம் ஓட்டலாம் என்று கூடவே வரும் கையேட்டில் இருக்கும், பாருங்கள். மூன்று நான்கு நொடி ஓட்டுங்கள், நிறுத்துங்கள், ஓடாத பிளெண்டராலேயே அரை நிமிடம் சும்மா கிளறுங்கள், அப்புறம் மறுபடி. மேலே எண்ணெய்க் கோடுகள் மறைந்து ஒரே நிறமாக வந்ததும் ஓட்டுவதை நிறுத்திவிடலாம். கொஞ்சம் எடுத்து மேலே சொட்டவிட்டால் தடம் நிற்கிறதே, அந்த டிரேஸ் நிலைக்குக் கையால் கிளறியே வந்துவிடலாம். வாசனை எண்ணெய் சேர்த்த பிறகு பிளெண்டரைத் தொடாதீர்கள், சில வாசனைகள் கலவையை நொடியில் இறுக்கிவிடும். இன்னொன்று, ஷியா பட்டர் மாதிரி கெட்டிக் கொழுப்பு சேர்த்து, கலவையும் ஆறியிருந்தால், கொழுப்பு உறைவதே டிரேஸ் போலத் தெரியும். அது ஏமாற்று, லேசாகச் சூடுபடுத்தினால் திரும்ப இளகும்.

கேள்வி: கழுவிவிட்டு அதே பிளெண்டரைச் சமையலுக்கு எடுக்கலாமா?

பதில்: கூடாது. தண்டு சேரும் இடத்திலும் பிளேடின் அடியிலும் ரப்பர் வளையம் இருக்கிறது, அதன் இடுக்கில் தங்கும் கலவையை எவ்வளவு தேய்த்தாலும் முழுக்க எடுக்க முடியாது. சோப்புக்கு என்று தனியாக ஒன்று வைத்து, மேலே எழுதியும் ஒட்டிவிடுங்கள். வேலை முடிந்ததும் பிளக்கைக் கழற்றிவிட்டு, கையுறையோடு காகிதத்தால் வழித்தெடுங்கள். மிச்சம் ஒட்டியிருப்பதை ஒரு நாள் அப்படியே குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள், அதற்குள் அதுவும் சோப்பாகியிருக்கும், வெந்நீரில் சுலபமாகப் போய்விடும். மோட்டார் பக்கத்தை ஈரத்துணியால் துடைத்தால் போதும்.