வெற்றிச் செய்தியும் விடுபட்ட கேள்விகளும்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: போரில் ஒரு வெற்றி கிடைத்ததும் அரசின் செல்வாக்கு உயர்ந்துவிடுகிறது. அதுவரை வேலையின்மையைப் பற்றியும் விலைவாசியைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தவர்கள்கூட அமைதியாகிவிடுகிறார்கள். இது மக்களிடம் தானாக எழும் உணர்ச்சியா, அரசு திட்டமிட்டு உண்டாக்குவதா?

பதில்: உணர்ச்சி பெரும்பாலும் இயல்பாகவே எழுகிறது. அது எதை நோக்கித் திரும்ப வேண்டும் என்பதில்தான் அரசின் கை இருக்கிறது. 1982இல், பிரிட்டனின் ஆளுகையில் இருந்த ஃபாக்லாந்து தீவுகளுக்காக அர்ஜென்டினாவும் பிரிட்டனும் மோதிய போரில் இதை இரு தரப்பிலும் பார்க்கலாம்.

அர்ஜென்டினாவில் அப்போது இராணுவ ஆட்சி நடந்தது. மார்ச் 30 அன்று தலைநகர் புவெனஸ் ஐரிஸில் தொழிற்சங்கங்கள் ஆட்சியை எதிர்த்து ஊர்வலம் நடத்தின. அரசு அதைப் பலத்தால் கலைத்தது. மூன்று நாள் கழித்து, ஏப்ரல் 2 அன்று, தீவுகளைக் கைப்பற்றிய செய்தி வந்ததும் அதே நகரின் மாயோ சதுக்கத்தில் பெருங்கூட்டம் கூடி ஆரவாரித்தது. ஆட்சியின் மீதிருந்த குறைகளில் ஒன்றுகூட அந்த மூன்று நாளில் தீர்ந்திருக்கவில்லை. ஆனால் தீவுகள் தங்களுடையவை என்பது அந்நாட்டு மக்கள் உண்மையாகவே நம்பிய ஒன்று. ஆட்சியாளர்கள் அந்த நம்பிக்கையைத் தங்கள் மீதான நம்பிக்கையாகக் காட்டிக்கொண்டார்கள். ஜூன் 14 அன்று தீவிலிருந்த படை சரணடைந்தபோது, வெற்றிச் செய்திகளையே கேட்டுவந்த மக்கள் கொதித்தெழுந்தார்கள். ஆட்சித் தலைவர் கல்த்தியேரி சில நாட்களிலேயே பதவியிழந்தார். 1983 அக்டோபரில் தேர்தல் நடந்தது.

பிரிட்டனிலோ, போருக்கு முன் வேலையில்லாதோர் எண்ணிக்கை 30 இலட்சத்தைக் கடந்திருந்தது. பிரதமர் மார்கரெட் தாட்சரின் செல்வாக்கு மிகவும் சரிந்திருந்தது. ஏப்ரல் 25 அன்று தெற்கு ஜார்ஜியா தீவு மீட்கப்பட்ட செய்தியைப் பாதுகாப்பு அமைச்சர் அறிவித்தபின் செய்தியாளர்கள் கேள்வி கேட்க முயன்றபோது, அந்தச் செய்திக்காக மகிழுங்கள், நம் படைகளை வாழ்த்துங்கள் என்று தாட்சர் சொன்னார். அந்தப் பதிலின் அமைப்பைக் கவனியுங்கள். அடுத்து என்ன நடக்கப்போகிறது என்ற கேள்வி, படைவீரர்களை வாழ்த்த மனமில்லாதவர்கள் கேட்கும் கேள்வியைப் போல ஆகிவிட்டது. வெற்றி கிடைத்த நேரத்தில் அரசுகள் செய்யும் மிக முக்கியமான வேலை இதுதான் என்று நான் கருதுகிறேன்: படையின் வீரமும் அரசின் முடிவும் ஒன்றே என்று ஆக்கிவிட்டால், முடிவைக் கேள்வி கேட்பவர் வீரத்தை அவமதிப்பவராகிவிடுகிறார்.

1983 ஜூன் தேர்தலில் தாட்சரின் கட்சி 144 இடப் பெரும்பான்மையுடன் வென்றது. அதற்குப் போர் மட்டுமே காரணம் என்று சொல்வது பொருந்தாது. அக்கட்சியின் வாக்கு விகிதம் 1979இல் பெற்றதைவிடச் சற்றுக் குறைந்தே இருந்தது. எதிர்த்தரப்பு வாக்குகள் இரண்டாகப் பிரிந்தன. பொருளாதாரமும் மெல்ல மீளத் தொடங்கியிருந்தது. வெற்றியின் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு.

கேள்வி: அப்படியானால் இதற்குப் பொய் தேவைப்படுவதில்லையா?

பதில்: பொய் சொன்ன அரசுகள் உண்டு. 1942 ஜூனில் மிட்வே கடற்போரில் ஜப்பான் நான்கு விமானந்தாங்கிக் கப்பல்களை இழந்தது. மக்களுக்கு அதை வெற்றி என்று அறிவித்தார்கள். உயிர் தப்பி வந்த காயம்பட்ட மாலுமிகளை, வெளியே பேசிவிடக் கூடாதென்று மருத்துவமனைகளில் தனிமைப்படுத்தி வைத்தார்கள். எகிப்தின் இரண்டாம் இராம்சேசு, காதேசில் இருதரப்புக்கும் முடிவு கிட்டாமல் போன போரைத் தனி ஒருவனாக வென்றதாகக் கோயில் சுவர்கள்தோறும் செதுக்கி வைத்தான். நம் கல்வெட்டுகளின் தலைப்பில் வரும் மெய்க்கீர்த்தியும், கீழே இருப்பது வெறும் நிலக்கொடை ஆவணமாக இருந்தாலும், அரசன் வென்ற நாடுகளையே முதலில் வரிசைப்படுத்தும். தோற்ற களங்களுக்கு அதில் இடமில்லை.

ஆனால் பொய்யைவிட நெடுநாள் நிற்பது, உண்மையான ஒரு கணத்தைத் தேர்ந்தெடுத்து அதையே முழுக் கதையாக்குவது. 1945 பிப்ரவரி 23 அன்று ஜப்பானின் இவோ ஜிமா தீவின் சுரிபாச்சி மலையில் ஆறு அமெரிக்க வீரர்கள் கொடி நட்ட படத்தை உலகமே அறியும். படம் உண்மையானது. ஆனால் அது படை தரையிறங்கிய ஐந்தாம் நாள் எடுக்கப்பட்டது; சண்டை மார்ச் 26 வரை நீடித்தது. படத்திலுள்ள ஆறு பேரில் மூவர் அந்தத் தீவிலேயே இறந்தார்கள். படத்தில் இருப்பவர்கள் என்று அப்போது கருதப்பட்ட, ஊர் திரும்பிய வீரர்களை அரசு நாடெங்கும் அழைத்துச் சென்று போர்க்கடன் பத்திரங்களை விற்றது. 1,400 கோடி டாலர் இலக்கு வைத்த அந்த ஏழாவது கடன் திரட்டலில் 2,600 கோடிக்கு மேல் சேர்ந்தது. ஏறத்தாழ 7,000 அமெரிக்கர்கள் உயிரிழந்த அந்தத் தீவு, அந்த விலைக்குத் தகுந்ததுதானா என்பதைப் படைத்துறை வரலாற்றாசிரியர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். படம் அந்த விவாதத்துக்குள் வருவதேயில்லை.

அமெரிக்கத் தலைமையிலான படைகள் ஈராக்கோடு மோதிய 1991 வளைகுடாப் போரில், இலக்கைத் துல்லியமாகத் தாக்கும் குண்டுகளின் காணொளிகளைச் செய்தியாளர் கூட்டங்களில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அவையும் மெய்யே. ஆயினும், வீசப்பட்ட குண்டுகளின் மொத்த எடையில் வழிகாட்டப்பட்டவை பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை என்பது போருக்குப் பின்னரே தெரியவந்தது. எதைப் படம்பிடிப்பது, அது எப்போது வெளியே வருவது என்ற இரண்டும் அரசின் கையில் இருந்தால், ஒரு பொய்கூடச் சொல்லாமல் மக்கள் மனத்தில் வேறொரு போரை நடத்திக் காட்ட முடியும். ஃபாக்லாந்து போரிலும் செய்தியாளர்கள் கடற்படைக் கப்பல்களையே நம்பியிருந்தார்கள். அவர்கள் எடுத்த படச்சுருள்கள் சில இலண்டனை அடைய வாரக்கணக்கில் ஆயின.

கேள்வி: இந்தச் செல்வாக்கு எவ்வளவு காலம் நீடிக்கும்?

பதில்: பொதுவாக, அரசுகள் எதிர்பார்ப்பதைவிடக் குறைவாகவே. வளைகுடாப் போர் முடிந்த நாட்களில் கேலப் நிறுவனத்தின் கருத்துக்கணிப்பில் அமெரிக்க அதிபர் மூத்த புஷ்ஷுக்கு 89 விழுக்காட்டு ஆதரவு இருந்தது. 1992 நவம்பரில் அவர் தோற்றார். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் பிரதமராக இருந்த சர்ச்சில், ஜெர்மனி சரணடைந்து மூன்று மாதம் ஆவதற்குள், 1945 ஜூலையில் ஆட்சியை இழந்தார். மக்கள் நன்றியை மறந்ததாக இதைச் சொல்வதை நான் ஏற்பதில்லை. போரை நடத்தியவருக்கு நன்றி சொல்வது வேறு, வீடும் வேலையும் யார் தருவார் என்று முடிவெடுப்பது வேறு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க மக்களுக்குத் தெரிந்திருந்தது.

கேள்வி: வெற்றியைக் கொண்டாடுவதே தவறு என்கிறீர்களா?

பதில்: இல்லை. போருக்குப் போன பிள்ளை உயிரோடு திரும்பினால் வீட்டார் மகிழ்வதில் என்ன தவறு? எந்த வடிவில் கொண்டாடுவது, யாரை நினைவுகூர்வது என்பதில்தான் கவனம் வேண்டும். 1982 ஜூலை 26 அன்று இலண்டன் புனித பவுல் பேராலயத்தில் ஃபாக்லாந்து போருக்கான வழிபாடு நடந்தது. அதில் அருளுரை ஆற்றிய கேன்டர்பரி பேராயர் இராபர்ட் ரன்சி, இறந்த பிரிட்டானிய வீரர்களோடு அர்ஜென்டினா வீரர்களுக்காகவும், இரு நாடுகளிலும் துயரத்தில் இருந்த குடும்பங்களுக்காகவும் வேண்டினார். ஆளும் கட்சியினர் பலருக்கு அது பிடிக்கவில்லை. வெற்றி விழாவாக அமைந்திருக்க வேண்டும் என்று குறைபட்டார்கள். ரன்சி போரை அறியாதவர் அல்லர். இரண்டாம் உலகப் போரில் பீரங்கி வண்டிப் படையில் போரிட்டு, வீரத்துக்காக இராணுவச் சிலுவைப் பதக்கம் பெற்றவர் அவர்.