பத்து பிராண்டு, எத்தனை கம்பெனி?

வணக்கம் சார். நம் சிங்கப்பூரின் உணவு 170க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வருகிறது என்கிறார்கள். பேரங்காடியில் சமையல் எண்ணெய் மட்டுமே பத்து பிராண்டு இருக்கிறது. அப்படியிருந்தும் விலை ஏறினால் எல்லாம் சேர்ந்தே ஏறுகின்றன. தேக்கா சந்தையில் கேட்டால் "உலக விலை அக்கா" என்கிறார்கள். இது நிஜமா, கூட்டுச்சதியா?
க., ஈசூன்

அன்புள்ள க.,

கடைக்காரர் சொன்னது நிஜம்தான், ஆனால் பாதி. நாடுகளை எண்ணுகிறோம், கம்பெனிகளை எண்ணுவதில்லை. புட்டியின் பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள், தயாரிப்பாளர் பெயர் பத்து தேறாது.

அதற்கும் மேலே போனால் கூட்டம் இன்னும் சின்னது. ஏடிஎம், பங்கி, கார்கில், லூயி டிரைஃபஸ் என நான்கு கம்பெனிகள்: தானியம், எண்ணெய்வித்து வணிகத்தில் நூறாண்டுக்கு மேலாக இருப்பவர்கள். விளைச்சலை வாங்குவது, கிடங்கில் வைப்பது, ஆட்டுவது, கப்பலேற்றுவது எல்லாம் அவர்களே. 2025இல் பங்கி, விட்டெரா என்ற இன்னொரு தானிய வணிகக் கம்பெனியையும் விழுங்கியது. பாமாயில் என்றால் வெளியூர் போகவே வேண்டாம், வில்மர் என்ற பெரிய பாமாயில் கம்பெனியின் தலைமையகம் இங்கேதான். அதன் பெரிய பங்குதாரர்களில் ஒருவர் யார் தெரியுமா? அதே ஏடிஎம்.

அதற்காக விலை சேர்ந்து ஏறினாலே சதி என்று சொல்ல மாட்டேன். 2022இல் உக்ரேன் போரால் சூரியகாந்தி எண்ணெய் தட்டுப்பட்டது. ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியைச் சில வாரம் நிறுத்தியது. ஒன்று கிடைக்காவிட்டால் எல்லாரும் இன்னொன்றுக்குத் தாவுவார்கள், அதுவும் ஏறும்.

அரிசிக் கதை வேறு. அங்கே ஆலைகளும் ஏற்றுமதியாளர்களும் ஏராளம், குவிந்திருப்பது நாடுகளில். உலக ஏற்றுமதியில் சுமார் 40 விழுக்காடு இந்தியாவுடையது. 2023 ஜூலையில் இந்திய அரசு பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியபோது நாம் விதிவிலக்கு கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

சதிக்கு நிஜ உதாரணம் கோழி. மலேசியாவிலிருந்து உயிரோடு வந்து இங்கே வெட்டப்படும் கோழியில் 90 விழுக்காட்டுக்கு மேல் 13 விநியோகிப்பாளர்கள் கையில் இருந்தது. 2007 முதல் 2014 வரை பேசிவைத்து விலையேற்றினார்கள். ஒருவருடைய வாடிக்கையாளரை இன்னொருவர் தொடுவதில்லை என்றும் ஏற்பாடு. கோழிச்சோற்றுக் கடைக்காரர் எங்கே போய்ப் பேரம் பேசுவார்? 2018இல் போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையம் எல்லாருக்குமாகச் சேர்த்து ஏறக்குறைய 27 மில்லியன் வெள்ளி அபராதம் போட்டது.

உள்ளூர்க் கோழி என்பதால் பிடிக்க முடிந்தது. பங்கி, விட்டெரா இணைப்புக்கு நிபந்தனை போட்டவர்கள் ஐரோப்பிய ஒன்றியமும் கனடாவும் சீனாவும். விளைவிக்கிற ஊர் அல்லது மலைமலையாய் வாங்குகிற ஊர் சொன்னால்தான் அந்தக் கம்பெனிகள் கேட்கும். நாம் இரண்டுமில்லை.